இடது பக்கம் வெறுமையாக இருந்த கொப்பி

பார்க்காத ஒன்றை நான் ஏன் எழுதினேன்?

இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது கொட்டாஞ்சேனையில், ஒரு தேவாலயத்தின் பக்க மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை காலை. முன்பள்ளி ஆசிரியைகளுக்கான பயிற்சி வகுப்பு அங்கே நடந்தது. ரோனியோ எடுத்த குறிப்புத் தாள்களைத் தந்திருந்தார்கள்; புரட்டினால் மை விரலில் ஒட்டும். அன்றைய தாளில், பிள்ளைகளைப் பற்றிய அவதானிப்புக் கொப்பி எழுதப்படவேண்டிய முறை இருந்தது. இடது பக்கத்தில் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டும். வலது பக்கத்தில், அவற்றைப் பற்றி ஆசிரியை நினைப்பது. இடது பக்கம் நிரம்பும்வரை வலது பக்கத்தைத் தொடக்கூடாது என்ற வாக்கியத்தின் கீழே கோடு போட்டிருந்தது.

என் பையில் அப்படி ஒரு கொப்பி இருந்தது. மேசைக்கு அடியில், மடியில் வைத்துத் திறந்து பார்த்தேன். நாலரை வயதுச் சிறுமி ஒருத்திக்காக ஒதுக்கிய பக்கங்களில், வலது புறத்தில், மிகத் திருத்தமான என் கையெழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன: 'போரினால் பாதிக்கப்பட்ட பிள்ளை. பேச்சுக் குறைபாடு உண்டு.' இடது புறம் வெறுமையாக இருந்தது. ஒரு சொல்கூட இல்லை.

அந்த இரண்டு வரிகள் கொப்பியோடு நின்றிருந்தால் அன்றே அழித்துவிட்டிருப்பேன். ஆனால் அவை ஏற்கனவே எங்கள் முன்பள்ளியை நடத்தியவரின் மேசைக்குப் போய், அங்கே ஒரு கடிதமாக மாறத் தொடங்கியிருந்தன.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்து, அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்த பட்டதாரிகளில் ஒருத்தி. காத்திருக்கும் காலத்தில் சமூகத்துக்குப் பயன்படும் ஏதாவது செய்யவேண்டும் என்ற எண்ணத்தில், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த முன்பள்ளியில் சேர்ந்தேன். வீடு கொட்டாஞ்சேனையில். ஒவ்வொரு காலையும் கோட்டையில் பஸ் மாறி, வழியில் சோதனைச் சாவடியில் இறக்கினால் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடி ஏறிப் போய்ச் சேர்வேன்.

முன்பள்ளி ஒரு பழைய வீடு. முன் விறாந்தையும் கூடமும் வகுப்புகள். அதற்குப் பின்னால் சிவப்புச் சீமெந்துத் தரை போட்ட ஓர் அறை. அங்கே பொம்மைகளும் கதைப் புத்தகங்களும் இருந்தன. அந்த அறையின் பின்கதவு நேரே மணல் முற்றத்தில் திறக்கும். எங்களை நடத்தியவர் ஒரு பெரிய பாடசாலையில் கற்பித்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரைப் பெரிய மிஸ் என்றே அழைத்தோம். அவருக்குப் பல ஒழுங்குகள் இருந்தன; தலையாயது சப்பாத்து. எல்லாப் பிள்ளைகளும் கறுப்புச் சப்பாத்தும் முழங்கால் வரை இழுத்த வெள்ளைக் காலுறையும் அணிந்து வரவேண்டும். காலை மணி அடித்ததிலிருந்து வீட்டுக்குப் போகும்வரை கழற்றக்கூடாது. நான் சேர்ந்த முதல் நாளே காரணத்தையும் சொல்லிவிட்டார்.

"எங்கட பிள்ளையள் ரோட்டாலை போகேக்கை, ஒருத்தரும் பாத்து, 'இதுகள் அகதிக் காம்பிலையிருந்து வருகுதுகள்' எண்டு சொல்லக்கூடாது. விளங்குதோ? காலைப் பாத்துத்தான் இந்த ஊர் ஆக்களை மதிக்கும்."

அந்தச் சிறுமி இரண்டாம் தவணையில் வந்தாள். தாயும் அவளும் வடக்கிலிருந்து வந்து, அதே ஒழுங்கையின் மேற்பகுதியில் ஒரு லொட்ஜில் ஓர் அறையில் இருந்தார்கள். தகப்பன் வெளிநாட்டில். காகிதங்கள் சரிவரும்வரை காத்திருக்கும் குடும்பங்கள் அன்றைய வெள்ளவத்தையில் எத்தனையோ, அவர்களும் அப்படித்தான். சிறுமி வெட்டுவாள், ஒட்டுவாள், மணி கோர்ப்பாள், வேடிக்கையான கதை சொன்னால் தோள்கள் குலுங்கச் சிரிப்பாள். ஆனால் சத்தம் வராது. இடாப்பில் பெயர் கூப்பிட்டால் கையை உயர்த்துவாள். தண்ணீர் வேண்டுமென்றால் போத்தலைக் காட்டுவாள். பக்கத்துக் கதிரையில் இருந்தவள் வகுப்பிலேயே பெரிய வாய்க்காரி. அவள் இரண்டாம் நாளே எல்லோருக்கும் கேட்கும்படி முடிவைச் சொல்லிவிட்டாள்.

"மிஸ், இவ வாயை வீட்டிலை வைச்சிட்டு வந்திட்டா."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அந்தக் கொப்பியில் என் இரண்டு வரிகளை எழுதினேன். வடக்கிலிருந்து வந்த பிள்ளை, பேசாத பிள்ளை: இரண்டையும் ஒரு கோட்டால் இணைக்க எனக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. பல்கலைக்கழகத்தில் போரும் குழந்தைகளும் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதி நல்ல புள்ளி வாங்கியிருந்தேன். அந்தக் கட்டுரைக்குள் அவளை இருத்திவிட்டேன் என்று இன்று சொல்லலாம்.

மாதமுடிவில் கொப்பிகளைப் பெரிய மிஸ் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, எழுதிக்கொண்டிருந்த கடிதத்தைக் காட்டினார். பிள்ளையைப் பேச்சுச் சிகிச்சைக்குக் கொண்டுபோகவும்; அடுத்த ஆண்டு மேல் வகுப்பில் அவளை வைத்திருக்க இயலாது; இந்தக் கடிதத்தின் பிரதி பிள்ளையின் ஆவணக் கோவையில் இருக்கும். அந்தக் கோவையிலிருந்துதான் முதலாம் ஆண்டு அனுமதிக்கான அறிக்கையை எழுதிக் கொடுப்போம். பேசாத பிள்ளை என்று அறிக்கையில் இருந்தால், நேர்முகத்துக்கு ஆயிரம் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் ஊரில் எந்தப் பாடசாலை அவளை எடுக்கும்?

"கொஞ்சம் கடுமையோ மிஸ்?" என்றேன்.

"நீர் படிச்சனீர். நீர் எழுதினா யோசிச்சுத்தானே எழுதியிருப்பீர்" என்றார் அவர். அது பாராட்டு. நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன் என்பதை மறைப்பதற்கில்லை.

அடுத்த சனிக்கிழமைதான் கொட்டாஞ்சேனை மண்டபத்தில் அந்த ரோனியோத் தாள் கைக்கு வந்தது.

திங்கட்கிழமை காலை, பிள்ளைகள் வருமுன்னரே பெரிய மிஸ்ஸின் மேசை முன்னால் போய் நின்றேன்.

"மிஸ், அந்தக் கடிதத்தை இரண்டு கிழமைக்கு வைச்சிருக்க ஏலுமோ?"

"ஏன்?"

"நான் பாக்காமல் எழுதிப்போட்டன்."

"பாக்காமலோ? ஒவ்வொரு நாளும் உமக்கு முன்னாலைதானே இருக்கிறாள்."

"இருக்கிறாள் மிஸ். நான் பாக்கேல்லை."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "இரண்டு கிழமை" என்றார். "அதுக்குப் பிறகு கடிதம் போகும்."

அன்றிலிருந்து நான் இடது பக்கத்தை எழுதத் தொடங்கினேன். அது எவ்வளவு கடினம் என்பதை எழுதியவர்களுக்குத்தான் தெரியும். 'சோகமாக இருந்தாள்' என்று எழுதப் போவேன். சோகத்தை நான் பார்க்கவில்லை, அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைத்தான் பார்த்தேன் என்று அடித்துவிடுவேன். 'பயந்தாள்' என்பதையும் அடித்தேன். மூன்றாம் நாளில் அடித்த வரிகளே கூடுதலாக இருந்தன. ஆனால் ஒரு புதிய சுவை பிறந்திருந்தது. அதுவரை இந்தப் பிள்ளைமீது எனக்கு இரக்கம் மட்டுமே இருந்தது. இப்போது ஆவலாக இருந்தது. அவள் என்ன செய்கிறாள், ஏன் செய்கிறாள் என்று அறிய வேண்டும்போல இருந்தது. இரக்கத்தில் எனக்குத் தெரியாமல் போனவை பல, ஆவலில் தெரியத் தொடங்கின.

முதலில் காது. அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு தகர ரின் மூடியைத் தரையில் விழவிட்டேன். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னர் அவள்தான் திரும்பினாள். அடுத்தது விளக்கம். "சிவப்பு மணியைக் கோர்த்துவிட்டு, நீல மணியைக் கதிரைக்குக் கீழே ஒளித்துவை" என்றேன், பிழையின்றிச் செய்தாள். செய்துவிட்டு, நான் எடுக்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்தாள். காதில் குறையில்லை, விளக்கத்தில் குறையில்லை. வலது பக்கம் எழுதக் கை அரித்தது. எழுதவில்லை.

வியாழக்கிழமை பெருமழை பெய்தது. முன்பள்ளி ஒழுங்கையில் மழை பெய்தால் ஓரத்துக் கான் நிரம்பி, தண்ணீர் கணுக்காலுக்கு மேலே வரும். பிள்ளைகள் எல்லோரும் சப்பாத்துக்குள் தண்ணீரோடு வந்தார்கள். அன்று பெரிய மிஸ் ஏதோ அலுவலாக வெளியே போயிருந்தார். எங்கள் ஆயா கொட்டாஞ்சேனைக்காரி. துறைமுகத்தில் வேலை செய்யும் கணவன், நான்கு பிள்ளைகள், யாருக்கும் பயப்படாத வாய். அவள் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. எல்லாச் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, காலுறைகளை ஜன்னல் கம்பிகளில் தொங்கவிட்டு, பிள்ளைகளைப் பின்னறைக்குள் விட்டாள்.

"கால் ஈரமா இருந்தா காய்ச்சல் வந்துரும் மிஸ். பெரிய மிஸ் கேட்டா என் மேல போடுங்க."

சிவப்புச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடுகிற சத்தமே வேறு விதமாக இருந்தது. நான் கதைப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பொம்மைகள் இருந்த மூலையில், வாய்க்காரி ஒரு விளையாட்டுக் கோப்பையைப் பறித்தாள். அப்போது ஒரு குரல், சற்றுக் கரகரப்பாக, மிகத் தெளிவாகச் சொன்னது:

"அது என்ரை. தாங்கோ. நான் தேத்தண்ணி ஊத்தேல்லை இன்னும்."

நான் அறிந்த எந்தப் பிள்ளையின் குரலும் அல்ல அது. வாய்க்காரி அதிர்ச்சியில் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆயா கதவடியில் நின்று இரண்டு கையையும் கன்னத்தில் வைத்தாள்.

"மாதாவே! மிஸ், அந்தப் புள்ள பேசுதே!"

"சத்தம் போடாதேங்கோ" என்று ஆயாவிடம் கிசுகிசுத்தேன். அரை மணித்தியாலம் அந்தச் சிறுமி பேசிக்கொண்டேயிருந்தாள். பொம்மைக்குச் சீனி கூடவா குறையவா என்று கேட்டாள். பால்மா முடிந்துவிட்டது என்று வருத்தம் தெரிவித்தாள். நான் புத்தக அலுமாரிக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு சொல்லாக எழுதினேன். இடது பக்கம் முதல்தடவையாக நிரம்பியது. பத்தரை மணிக்குக் காலுறைகள் ஓரளவு காய்ந்தன. ஆயா எல்லோருக்கும் மாட்டிவிட்டாள். அதன் பிறகு அந்தக் குரல் இல்லை.

மறுநாள் மழை இல்லை, பேச்சும் இல்லை. "மழ வந்தாத்தான் கத்துற தவள மாதிரி" என்றாள் ஆயா. அவளுக்கு அது பகிடி. எனக்கு அதுவும் சோதிக்கவேண்டிய ஒரு கருத்து. மழையா? பெரிய மிஸ் இல்லாததா? பின்னறையா? பொம்மையா? ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்துப் பார்க்க வேண்டும் என்ற அளவுக்கு எனக்குப் படிப்பு உதவியது. பின்னறைக்குக் கூட்டிப் போனேன், சப்பாத்தோடு: மௌனம். பொம்மையைக் கையில் கொடுத்தேன்: மௌனம். பெரிய மிஸ் வங்கிக்குப் போன நேரம்: மௌனம். அடுத்த செவ்வாய்க்கிழமை பெரிய மிஸ்ஸிடம் அனுமதி கேட்டு, மணல் விளையாட்டு என்று சொல்லி, எல்லாப் பிள்ளைகளையும் வெறுங்காலோடு முற்றத்தில் விட்டேன். வெயில் அடித்தது. பெரிய மிஸ் கூடத்தில் இருந்தார். பொம்மை எதுவும் இல்லை.

"இஞ்சை பாருங்கோ, நண்டு வளை!" என்றாள் அவள். அது நண்டு வளை அல்ல, வாய்க்காரி விரலால் போட்ட ஓட்டை. அதைப் பற்றி இருவரும் நெடுநேரம் வாதாடினார்கள்.

விளையாட்டு முடிந்தபின் ஆயா மணலைத் தட்டி, கால்களைக் கழுவிச் சப்பாத்து மாட்டினாள். நான் பக்கத்திலேயே நின்றேன். அவள் நண்டைப் பற்றி ஆயாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். வலக்காலில் சப்பாத்து ஏறியதும் குரல் தணிந்து கிசுகிசுப்பானது. இடக்காலின் பக்கிள் பூட்டியதும், வாக்கியம் பாதியில் நின்றது. வாயை இறுக மூடிக்கொண்டு எழுந்து நடந்தாள்.

ஒரு காலில் சப்பாத்து: கிசுகிசு. இரண்டிலும்: மௌனம். கொப்பியில் அப்படியே எழுதினேன். வலது பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன்.

அன்று பகல் தாயிடம் கதைக்க வேண்டுமென்று சொன்னேன். அதுவரை அவரை நான் வாசல் படலையடியில்தான் சந்தித்திருந்தேன். தலையை ஆட்டுவார், பிள்ளையின் கையைப் பிடிப்பார், போய்விடுவார். 'கூச்ச சுபாவமுள்ள தாய்' என்று அவரைப் பற்றியும் மனத்துக்குள் ஒரு வலது பக்கம் எழுதி வைத்திருந்தேன். பின்னறைக்கு அழைத்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார், யாரும் சொல்லவில்லை. வந்து தரைப் பாயில் அமர்ந்ததும், என்னை முந்திக்கொண்டு கதைக்கத் தொடங்கினார்.

"என்ன மிஸ், ஏதும் குழப்படியோ? வீட்டிலை வந்தா வாய் ஓயாது. நேசரியிலை நடந்தது முழுக்கச் சொல்லுவாள். நீங்கள் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்திக் காட்டினது வரைக்கும்."

நான் ஆட்டுக்குட்டியை ஒதுக்கிவிட்டு விடயத்துக்கு வந்தேன். "அம்மா, இரண்டு மாசமா அவ இஞ்சை ஒரு சொல்லும் கதைக்கேல்லை."

அவர் நம்பவில்லை. பிறகு நம்பினார். "ஏன் மிஸ் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

ஒரு பிள்ளை பேசவில்லை என்பதைக் கொப்பியில் எழுதினேன், பெரிய மிஸ்ஸுக்குச் சொன்னேன், தாயிடம் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். பிறகு சப்பாத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அது நான் சொன்னது மிஸ்" என்றார்.

கொழும்புக்கு வந்த மூன்றாம் நாள். காலி வீதியில் ஒரு சோதனைச் சாவடி. தாய் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு நின்றார். அங்கே இருந்த பெண் பொலிஸ் ஒருத்தி சிறுமியின் கன்னத்தைத் தட்டி, தெரிந்த கொஞ்சத் தமிழில் பெயரைக் கேட்டாள்.

"நல்ல மனிசி மிஸ் அது. பாசமாத்தான் கேட்டது. இவள் பேரோடை நிப்பாட்டினாளோ? கப்பல்லை வந்தது, தான் சத்தி எடுத்தது, ஷெல் அடிக்கேக்கை பங்கருக்குள்ளை மாமா பாட்டுப் படிச்சது, எல்லாம் சொல்லிப்போட்டாள். பங்கர் எண்ட சொல்லு அவைக்கும் விளங்கும்தானே. எந்த மாமா, இப்ப எங்கை எண்டு துவங்கிட்டினம். லொட்ஜ்காரர் எங்கட பேரைப் பதிஞ்ச பொலிஸ் துண்டைக் கொண்டு வரும்வரைக்கும், பின்னேரமாகும்வரைக்கும் பொலிஸிலை மர வாங்கிலை இருந்தம். பிள்ளை பிழையா ஒண்டும் சொல்லேல்லை மிஸ். அவவும் பிழையா ஒண்டும் கேக்கேல்லை. ஆனா இருந்தம்."

அதன் பிறகு, வெளியே கதைக்கக்கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிப் பார்த்தாராம். எது வெளி என்று அவள் கேட்டாள். லொட்ஜ் படி வெளியா? குழாயடி வெளியா? கடை உள்ளா? "கேள்விக்கு மேலை கேள்வி. அப்பதான் சொன்னன், செருப்புப் போட்டா வாயை மூடோணும், செருப்பைக் கழட்டினாக் கதைக்கலாம் எண்டு. அது அவளுக்கு உடனை விளங்கிட்டுது. வீட்டுக்குள்ளை ஆர் மிஸ் செருப்புப் போடுறது?"

வீட்டுக்குள் யார் செருப்புப் போடுகிறார்கள்? எங்கள் முன்பள்ளியில் முப்பது பிள்ளைகளும் போட்டார்கள். கௌரவத்துக்காக.

எனக்கு வழி இலகுவாகத் தெரிந்தது. "இஞ்சை சப்பாத்தோடையும் கதைக்கலாம் எண்டு நீங்கள் ஒருக்காச் சொன்னாச் சரிதானே?"

"சொல்லலாம்" என்றார். "நாளைக்குச் செக் பொயின்ற்றிலை நிண்டுகொண்டு, 'அம்மா, நேசரியிலை சப்பாத்தோடை கதைச்சனான்தானே' எண்டு கேப்பாள். அவள் கேப்பாள் மிஸ், எனக்கு அவளைத் தெரியும். அந்தச் சட்டத்தை மட்டும் உடைக்காதேங்கோ. எங்களிட்டை இருக்கிறது அது ஒண்டுதான்."

அன்று மாலை பஸ்ஸில், சனிக்கிழமை வகுப்புக்கு வரும் ஒருத்தி பம்பலப்பிட்டியில் ஏறி, எனக்குப் பக்கத்தில் அமர்ந்து, "எப்பிடி, சுகமோ?" என்றாள். நான் முன் இருக்கையைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில், சிங்களத்தில் மறுமொழி சொன்னேன். அவளும் அப்படியே தொடர்ந்தாள். இருவருக்கும் சிங்களம் அரைகுறை. கோட்டை வரை அந்த அரைகுறைச் சிங்களத்திலேயே வீட்டு வேலை, பெரிய மிஸ், சமையல் எல்லாவற்றையும் பேசினோம். கொட்டாஞ்சேனையில் இறங்கி எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியதும், ஒரு வார்த்தை சொல்லாமலே இருவரும் தமிழுக்கு மாறினோம். எத்தனை ஆண்டுகளாக இதைச் செய்கிறேன்! எனக்கும் ஓர் எல்லை இருந்தது. அது ஒழுங்கையின் வாசல். அந்தச் சிறுமிக்குச் சப்பாத்தின் பக்கிள். என்னுடையதை நான் நாகரிகம் என்று நினைத்திருந்தேன், அவளுடையதற்குக் குறைபாடு என்று பெயரிட்டிருந்தேன்.

இரண்டு கிழமை முடிய மூன்று நாள் இருந்தது. மறுநாள் காலை, கொப்பியின் இடது பக்கங்களைப் பெரிய மிஸ்ஸிடம் விரித்து வைத்தேன். தாய் சொன்னதில் பொலிஸ் கதையை விட்டுவிட்டு, செருப்புச் சட்டத்தை மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்வதற்கு எனக்கு உரிமை உண்டா என்று இரவில் யோசித்து, இல்லை என்று முடிவுசெய்திருந்தேன். பிறகு கேட்டேன்: எல்லாப் பிள்ளைகளும் உள்ளே சப்பாத்தைக் கழற்றலாமா? அவள் மட்டும் கழற்றினால் அவள் தனித்துத் தெரிவாள்.

"ஏலாது" என்றார். குரலில் கோபம் இல்லை. "முதலாவது, தாய்தேப்பன் என்ன சொல்லுவினம்? கிருலப்பனையிலையிருந்து ஓட்டோவிலை கொண்டுவந்து விடுகினம், பெரிய பள்ளிக்கூடம் மாதிரி நடக்குது எண்டு. அதை விடும். இரண்டாவது, குண்டுப் புரளி வந்தால்? போன மாசம் பக்கத்து ரோட்டிலை குண்டு வெடிச்சு, கண்ணாடி முழுக்க நிலத்திலை கிடந்தது. வெறுங்காலோடை முப்பது பிள்ளையளை எப்பிடி ஓடவிடுவீர்?"

இது நான் யோசிக்காதது. ஒரு பிள்ளையின் பேச்சை ஒரு தட்டிலும் முப்பது பிள்ளைகளின் பாதங்களை மறு தட்டிலும் வைத்தால் எனக்கே தடுமாறியது. அவருடைய சப்பாத்துச் சட்டமும் அந்தத் தாயின் செருப்புச் சட்டமும் ஒரே பயத்திலிருந்து பிறந்தவை. இரண்டும் பிள்ளையைக் காக்கத்தான். நான் நிற்பதைப் பார்த்து, தேநீர் கொண்டுவந்த ஆயா இடையில் புகுந்தாள்.

"பெரிய மிஸ், கோவிக்காதீங்க. அந்தச் சப்பாத்துப் பக்கிள முப்பது புள்ளைக்கும் மாட்டுறதுக்குள்ள குண்டு வெடிச்சு, பேப்பர்லயும் வந்துரும். பின்னறையில இருந்தா கதவத் தொறந்தா மணல். கண்ணாடியும் இல்ல ஒண்ணும் இல்ல. நேரா ஓடிரலாம்."

பெரிய மிஸ் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். பின்னறையின் ஜன்னலில் கண்ணாடி இல்லை, கம்பியும் மரப்பலகையும்தான் என்பது மூவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. கடைசியில் இப்படித் தீர்ந்தது: கூடத்தில் பழைய ஒழுங்கே, கதை நேரமும் விளையாட்டு நேரமும் பின்னறையில், வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு. மூன்று நாள். "நான் என்ரை காதாலை கேக்கோணும்" என்றார்.

முதல் நாள் அவள் பேசினாள், அவர் வரவில்லை. இரண்டாம் நாள் வேறு அலுவல். மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, கதை நேரத்தில் பின்னறை வாசலைத் தாண்டி உள்ளே வந்து நின்றார், தம் கறுப்புக் குதிச் சப்பாத்தோடு. பிள்ளைகள் அமைதியானார்கள். அவளும் வாயை மூடிக்கொண்டாள். கடிதம் அவருடைய மேசை இலாச்சியில் இருந்தது. ஒரு கணம் எல்லாம் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

அவள் பெரிய மிஸ்ஸின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து அருகே போய், விரலால் சுட்டிக்காட்டி, மிகப் பொறுமையாகச் சொன்னாள்:

"மிஸ், உங்கட சப்பாத்து."

பெரிய மிஸ் என்னைப் பார்த்தார். ஆயா மேற்கூரையைப் பார்த்தாள். பெரிய மிஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கழற்றினார்; பிறகு மற்றதையும். காலுறையின் பெருவிரலில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது.

"இனிக் கதைக்கலாம்" என்றாள் அவள், அனுமதி கொடுப்பவள்போல. "இதிலை இருங்கோ. சீனி எவ்வளவு?"

"எனக்குச் சீனி இல்லைப் பிள்ளை" என்றார் பெரிய மிஸ், தரையில் சிரமப்பட்டு அமர்ந்தபடி.

"ஏன், சீனி வருத்தமோ?"

"ஓம், வருத்தம்."

"எங்கட அம்மம்மாவுக்கும் அந்த வருத்தம்தான்" என்று தொடங்கி, அவள் பதினைந்து நிமிடம் நிறுத்தவில்லை.

பகல் பெரிய மிஸ் என்னைக் கூப்பிட்டார். கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். கொப்பியை என் பக்கம் தள்ளினார். "உம்மட அந்த இரண்டு வரியையும் நீரே அடியும். அறிக்கைக்கு இடது பக்கத்தைத் தாரும், நான் அதைப் பாத்து எழுதுறன்." வெளியே போகும்போது கூப்பிட்டார். "ஓட்டையைப் பற்றி அதிலை எழுதேல்லைத்தானே?"

எழுதியிருந்தேன். இடது பக்கத்தில் அந்த ஒன்றை மட்டும் அடித்தேன்.

அதன் பின்னர் அவள் மேல் வகுப்புக்குப் போனாள். மறு ஆண்டு ஒரு பாடசாலையிலும் சேர்ந்தாள். நேர்முகத்தில் அவள் என்ன செய்தாள் என்பதை நான் பார்க்கவில்லை. வீதியிலும் பஸ்ஸிலும் அவள் தொடர்ந்து மௌனமாகவே போனாள். அதை மாற்ற நாங்கள் யாரும் முயலவில்லை. பின்னறை வாசலில் சப்பாத்துகள் வைக்க ஒரு மரத்தட்டு வந்தது. புதிதாகச் சேரும் பிள்ளையின் தாயிடமோ தகப்பனிடமோ, 'வீட்டில் பிள்ளை எப்படிக் கதைக்கும்?' என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளும் வழக்கமும் வந்தது. அரசாங்க நியமனம் ஓர் அலுவலகத்துக்கு வந்தபோது நான் போகவில்லை, முன்பள்ளியிலேயே இருந்துவிட்டேன். இடது பக்கம் நிரம்பாமல் வலது பக்கத்தில் எதையும் எழுதுவதில்லை.